கல்லறையில் கிடைத்த பழம், பாலையில் நின்ற மரம்: அர்குன் பனை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பனைமரம் பற்றி நண்பர்களோடு பேசும்போதெல்லாம் எகிப்துக்கும் சூடானுக்கும் நடுவே நிற்கும் ஒரு பாலைவனப் பனையை நான் இழுத்துக்கொண்டு வந்துவிடுவது வழக்கம். அப்போது எழும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேபோல இருக்கின்றன. ஒவ்வொரு முறையும் வாயால் சொல்லிக்கொண்டிருப்பதற்குப் பதில் எழுதிவைத்துவிடலாம் என்று தோன்றியது.

அர்குன் பனை என்பது எது?

எகிப்து, சூடான் நாடுகளின் நூபியப் பாலைவனப் பகுதியில் மட்டும் இயற்கையாக வளரும் ஒரு பனை. தாவரவியல் பெயர் மெதேமியா அர்குன். மெதேமியா என்ற பேரினத்தில் இன்றைக்கு இருக்கும் ஒரே இனம் இதுதான்; அண்ணன் தம்பி கிடையாது.

ஒற்றைத் தண்டு, கிளை விடாது. பத்து மீட்டர் உயரம் போனாலே நல்ல வளர்த்தி. நம் ஊர்ப் பனையின் உயரத்தைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது வடலியைத் தாண்டி அப்போதுதான் மரமானதுபோலத் தெரியும். ஓலை விசிறி வடிவம், விறைப்பானது, சாம்பல் பூசிய பச்சை. மட்டையின் ஓரத்தில் முள் உண்டு. நம்மூர்க் கருக்குமட்டையில் கை கிழித்துக்கொண்டவர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. பழம் முட்டை வடிவில், மூன்று நான்கு சென்டிமீட்டர் நீளத்தில், ஊதா கலந்த கருப்பாகப் பளபளக்கும். பார்த்தால் நாவல்பழத்தின் பெரிய அண்ணன் என்று சொல்லலாம். தின்றால் அப்படிச் சொல்ல மாட்டீர்கள். அதைப் பிறகு பார்ப்போம்.

நம் பனைக்கு இது உறவா?

உறவுதான், அதுவும் நெருங்கிய உறவு. பனைக் குடும்பத்தில் தென்னை, பாக்கு, ஈச்சை என்று ஆயிரக்கணக்கான இனங்கள் இருந்தாலும், நம் பனையும் அர்குனும் ஒரே கிளையைச் சேர்ந்தவை. போராசியே என்று அந்தக் கிளைக்குப் பெயர். செஷல்ஸ் தீவுகளின் இரட்டைத் தேங்காய், ஆப்பிரிக்காவின் டூம் பனை, மடகாஸ்கரின் பிஸ்மார்க் பனை ஆகியவையும் இதே கிளைதான். ஒன்றுவிட்ட பங்காளிகள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

உறவு முகத்தில் மட்டும் இல்லை, நடத்தையிலும் தெரிகிறது. நம் பனையில் அலகுப்பனை, பருவப்பனை என்று ஆண் மரம், பெண் மரம் தனித்தனியாக இருப்பதுபோலவே அர்குனிலும் ஆண் வேறு, பெண் வேறு. திருநெல்வேலியில் பனங்காட்டின் நடுவே நிற்கும் பெண் மரத்துக்கு இதனால் ஒரு குறையும் இல்லை. பாலைவனத்தில் ஒரு பள்ளத்தாக்குக்கு நாலைந்து மரம்தான் நிற்கிறது என்றால் கதை வேறு. அந்த நாலைந்தும் பெண்ணாகவே அமைந்துவிட்டால் காய்ப்பு அதோடு சரி.

எங்கே வளர்கிறது?

எகிப்தின் தென்கோடியிலும் சூடானின் வடகிழக்கிலும். எகிப்தில் அஸ்வான் நகரத்துக்குத் தென்மேற்கே, நைல் நதியிலிருந்து விலகி, சுண்ணாம்புக்கல் மேட்டுநிலத்தில் துங்குல் என்றொரு பாலைவனச் சோலை இருக்கிறது. சோலை என்றதும் குளமும் கிராமமும் ஒட்டகமும் நிற்கும் படத்தைக் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். துங்குலில் மனிதக் குடியிருப்பு இல்லை. சில பேரீச்சை, சில டூம் பனை, புதர்கள், அவற்றோடு அர்குன், அவ்வளவுதான். அதே வட்டாரத்தில் நக்கீலா என்ற இன்னொரு சிறு சோலையிலும் இந்த மரம் உண்டு.

சூடான் பக்கம், நைல் பெரிய வளைவாகத் திரும்பும் இடத்துக்குக் கிழக்கே நூபியப் பாலைவனம் விரிந்து கிடக்கிறது. அங்கே தண்ணீர் ஓடாத ஆற்றுப் படுகைகள் உண்டு. அரபு மொழியில் வாதி என்பார்கள். அந்த வாதிகளின் மணலில் அர்குன் நிற்கிறது. சூடானில்தான் எகிப்தைவிட அதிக மரங்கள்.

அங்கே மழையே பெய்யாதே, எப்படி உயிரோடு இருக்கிறது?

அஸ்வானில் ஆண்டு சராசரி மழை இரண்டு மில்லிமீட்டர்கூடத் தேறாது. பல ஆண்டுகள் ஒரு துளிகூட விழாமல் கழியும். ராமநாதபுரத்தை வறண்ட பூமி என்று சொல்லும் நாம் இந்தக் கணக்கைக் கேட்டால் வாயை மூடிக்கொள்ள வேண்டியதுதான். ஆகவே மழையை நம்பி இந்த மரம் வாழவில்லை, நிலத்தடி நீரை நம்பி வாழ்கிறது. வாதிகளின் அடியில், சோலைகளின் பள்ளத்தில், வேருக்கு எட்டும் தூரத்தில் ஈரம் இருக்கும் இடம் பார்த்துத்தான் நிற்கிறது.

வளர்ந்த மரத்தின் வேர் அந்த ஈரத்தைத் தொட்டுவிடும், சரி. முளைக்கும் விதை என்ன செய்யும்? மேல்மணல் அடுப்புச் சட்டிபோலக் கொதிக்கிறதே?

இதற்கு விடை தெரிய நூபியாவுக்குப் போக வேண்டியதில்லை, பொங்கல் சமயத்தில் பனங்கிழங்கு தோண்டும் இடத்துக்குப் போனால் போதும். பனங்கொட்டை முளைக்கும்போது குருத்து மேலே வருவதில்லை. முதலில் கொட்டையிலிருந்து ஒரு தண்டுபோன்ற பாகம் கிளம்பி நேராகப் பூமிக்குள் இறங்குகிறது. அதன் நுனியில்தான் கன்று இருக்கிறது. ஆழம் போதும் என்றானதும் அங்கே வேர் கீழே போகும், குருத்து மேலே வரும். கொட்டையில் இருக்கும் உணவை உறிஞ்சி அந்தத் தண்டு வழியே கீழே அனுப்பும் பஞ்சுபோன்ற உறுப்பைத்தான் நாம் தவண் என்றும் பூரான் என்றும் ஊருக்கு ஒரு பெயர் வைத்து வெட்டித் தின்கிறோம். கீழே சேர்ந்த உணவு கிழங்கு.

அர்குனும் இதே வித்தையைத்தான் செய்கிறது. விதை மேலே கிடக்க, கன்று ஆழத்தில் பிறக்கிறது. மேல்மணல் எவ்வளவு காய்ந்தாலும், மேலே ஒட்டகம் மேய்ந்தாலும், தீ ஓடினாலும், உயிர்முனை பூமிக்குள் பத்திரமாக இருக்கிறது. எப்போதோ ஒருமுறை மலைகளில் மழை கொட்டி வாதியில் வெள்ளம் புரண்டால் மணல் ஆழம் வரை நனையும். அந்த ஈரம் வடிவதற்குள் இறங்கிவிட வேண்டும். விதைக்குக் கிடைக்கும் வாய்ப்பு அவ்வளவுதான்.

மரத்தைப் பார்ப்பதற்கு முன்பே கல்லறையில் பழத்தைக் கண்டுபிடித்தார்கள் என்கிறார்களே, உண்மையா?

உண்மை. என்னை இந்த மரத்தின் பக்கம் இழுத்ததே இந்தக் கதைதான்.

ட்ரியெஸ்தே நகரத்தைச் சேர்ந்த ஜுசெப்பே பஸ்ஸலக்வா என்பவர் குதிரை வியாபாரம் செய்யலாம் என்று எகிப்துக்குப் போனார். வியாபாரம் படியவில்லை. அந்தக் காலத்து ஐரோப்பியர் பலரும் செய்ததுபோல அவரும் மண்வெட்டியோடு கல்லறைகள் பக்கம் திரும்பினார். பழைய எகிப்தின் தலைநகரான தீப்ஸ் முதலிய இடங்களில் தோண்டி எடுத்தவற்றை 1826ல் பாரிஸில் கண்காட்சியாக வைத்து ஒரு விவரப் பட்டியலும் வெளியிட்டார். சவப்பெட்டி, சிலை, நகைகளோடு, செத்தவர்களுக்குப் படையலாக வைத்த பழங்களும் விதைகளும் அதில் இருந்தன. அவற்றை அடையாளம் சொல்லும் பொறுப்பு கார்ல் குந்த் என்ற ஜெர்மானியத் தாவரவியலாளரிடம் வந்தது. தென்னமெரிக்காவில் இயற்கை ஆய்வாளர் ஹம்போல்ட் சேகரித்த செடிகளை எல்லாம் விவரித்து எழுதிய பேர்பெற்ற ஆள் அவர்.

அந்தக் குவியலில் ஒரு பனம்பழம் குந்துக்குத் தெரிந்த எதனோடும் பொருந்தவில்லை. பேரீச்சை இல்லை, டூமும் இல்லை. ஆகவே அதற்கு ஒரு புதிய பெயர் வைத்தார்: அரேக்கா பஸ்ஸலக்வே. அதாவது பஸ்ஸலக்வாவின் பாக்கு.

குந்த் உயிருள்ள மரத்தைப் பார்க்கவில்லை. ஐரோப்பிய அறிவியலில் யாருமே அப்போது பார்த்திருக்கவில்லை. ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் யாரோ ஒரு குடும்பத்தார் தங்கள் பெரியவரோடு வைத்துப் புதைத்த பழத்தைப் பார்த்து ஒரு மரத்துக்குப் பெயர் சூட்டினார்கள். மாமூத் யானைக்கு இப்படி நடக்கலாம், டைனோசருக்கு நடக்கலாம். பூமியில் இன்னும் நின்றுகொண்டிருக்கும் ஒரு பனைக்கு நடந்தது.

பஸ்ஸலக்வாவின் சேகரிப்பைப் பிரஷ்ய அரசர் அடுத்த ஆண்டே விலைக்கு வாங்கினார். கூடவே ஆளையும் பெர்லினுக்கு அழைத்துப்போய் எகிப்திய அருங்காட்சியகத்துக்குத் தலைவராக்கிவிட்டார். குதிரை விற்கப் போனவருக்கு வாய்த்த அதிர்ஷ்டம்.

பாக்கு என்று ஏன் நினைத்தார்?

வெற்றிலைத் தட்டில் இருக்கும் ஒரு கொட்டைப்பாக்கை எடுத்துக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். வெள்ளை நிறச் சதைக்குள் பழுப்புக் கோடுகள் நெளிந்து நெளிந்து உள்ளே போகின்றன அல்லவா? ஜாதிக்காயிலும் இப்படி உண்டு. விதையின் மேல்தோல் உள்ளே மடிந்து பருப்புக்குள் ஊடுருவுவதால் வரும் கோலம் அது. அர்குன் விதையை வெட்டினாலும் இதே கோலம் தெரியும். டூம் பனை விதையில் தெரியாது. அதன் பருப்பு தேங்காய்போல ஒரே வெள்ளை. கையில் ஒரு பழத்தை மட்டும் வைத்துக்கொண்டு யோசித்தவரின் மனம் பாக்கின் பக்கம் போனதில் வியப்பில்லை.

பழங்கால எகிப்தியர் இதைத் தோட்டத்தில் வளர்த்தார்களா?

ஒரு தோட்டத்திலாவது வளர்த்தார்கள் என்பதற்கு எழுத்துச் சான்று இருக்கிறது. முதலாம் துத்மோஸ் அரசனின் கட்டுமானங்களைக் கவனித்த இனெனி என்ற அதிகாரி, சுமார் 3,500 ஆண்டுகளுக்கு முன், தீப்ஸில் தன் கல்லறைச் சுவரில் தன் தோட்டத்து மரங்களைக் கணக்கெழுதி வைத்தார். மனிதர் நல்ல கணக்குப்பிள்ளையாக இருந்திருக்க வேண்டும். பேரீச்சை 170, டூம் பனை 120 என்று போகிறது பட்டியல். அத்தி, மாதுளை, திராட்சை எல்லாம் உண்டு.

அர்குன்? ஒன்றே ஒன்று.

இந்த ஒரு வரியில் அந்த மரத்தின் தலையெழுத்தே இருப்பதாக எனக்குப் படுகிறது. ஊரே பேரீச்சை நடும், பழம் தரும் என்று. டூம் நடும், அதன் பழத்தோல் இனிக்கும் என்று. அர்குனை வைத்தவர் பெருமைக்கு ஒன்று வைத்தார். நம்மூரிலும் பெரிய வீட்டுத் தோட்டத்தில் நாகலிங்க மரம் ஒன்று நிற்கும், வந்தவர்களுக்குக் காட்டுவதற்கென்றே. அப்படி ஒரு மரம். ஆண், பெண் தனித்தனி என்பதை நினைவில் வைத்தால், இனெனியின் ஒற்றை மரம் ஆணாக இருந்தால் காய்த்திருக்காது. பெண்ணாக இருந்தாலும் பக்கத்தில் ஆண் இல்லாமல் வெறும் மரம்தான்.

டூம் பனைக்கு அவர்கள் வைத்த பெயர் மமா. அர்குனுக்கு அந்தப் பெயரோடு ஓர் அடைமொழியைச் சேர்த்துச் சொன்னார்கள். தனிப் பெயர்கூடக் கிடைக்கவில்லை பாருங்கள். ஆனால் இறந்தவருக்கு வைக்கும் படையலில் மட்டும் அதற்கு இடம் இருந்தது. பிரமிடுகள் எழுந்த பழைய அரசுக் காலம் தொட்டு ரோமர் காலம் வரை கல்லறைகளில் இந்தப் பழம் கிடைத்திருக்கிறது.

உயிருள்ள மரத்தை முதலில் பார்த்தது யார்?

முதலில் பார்த்தவர்கள் அங்கேயே வாழ்ந்த நூபியர்களும், ஒட்டகங்களோடு பாலைவனத்தைக் கடக்கும் பிஷாரி, அபாப்தா மக்களும்தான். அர்குன் என்ற பெயரே அந்த நிலத்திலிருந்து வந்தது. ‘கண்டுபிடிப்பு’ என்று நாம் சொல்வதெல்லாம் அந்தச் செய்தி பெர்லினுக்கும் மியூனிக்குக்கும் போய்ச் சேர்ந்ததைத்தான்.

அப்படிக் கொண்டுபோய்ச் சேர்த்ததில் ஜெர்மனியின் வுர்ட்டம்பெர்க் இளவரசர் பால் வில்ஹெல்முக்குப் பெரிய பங்கு உண்டு. அரண்மனையில் கால் தரிக்காமல் அமெரிக்கா, ஆப்பிரிக்கா என்று அலைந்த இயற்கை ஆர்வலர். பனைகளின் வரலாற்றை எழுதிய மார்ட்டியஸ், 1845ல் இதை டூம் பனையின் பேரினத்தில் சேர்த்து ஹைஃபீனே அர்குன் என்றார். அது டூம் இல்லை, தனிப் பேரினம் என்று 1881ல் ஹெர்மன் வெண்ட்லாந்த் என்ற தாவரவியலாளர் பிரித்தெடுத்தார். மெதேமியா என்ற இன்றைய பெயர் அப்போதுதான் நிலைத்தது. இளவரசரின் பெயரும் அந்தத் தாவரப் பெயரின் பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

அழிந்துபோய்விட்டது என்று சொல்லப்பட்டு மறுபடி கிடைத்ததாமே?

ஒருமுறைக்கு இரண்டுமுறை.

எகிப்தைப் பொறுத்தவரை இது கல்லறைப் பழமாகவே இருந்தது. அந்த நாட்டு எல்லைக்குள் உயிருள்ள மரம் எதுவும் தாவரவியலாளர் கண்ணில் படவில்லை. 1963ல் லுத்ஃபி பூலோஸ் என்ற எகிப்தியத் தாவரவியலாளர் துங்குல் சோலையில் அர்குன் நிற்பதைக் கண்டார். முதிர்ந்த மரத்தோடு, இன்னும் தண்டு எழும்பாத இளங்கன்றுகளும் இருந்தன. பின்னாளில் எகிப்தின் தாவரங்களைப் பற்றிப் பெருநூல்கள் எழுதியவர் அவர். இந்தக் கண்டுபிடிப்பை 1968ல் கட்டுரையாக வெளியிட்டார்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அதே 1963ன் கடைசியில்தான், அஸ்வான் உயர் அணையின் நீர் ஏறப்போகிறது என்று எகிப்திய நூபியர்களை நதிக்கரைக் கிராமங்களிலிருந்து கூட்டம் கூட்டமாக அஸ்வானுக்கு வடக்கே இருக்கும் கொம் ஓம்போவுக்குக் கொண்டுபோனார்கள். ஐம்பதாயிரம் பேர் அளவுக்கு. மரத்தின் பெயர் தெரிந்தவர்கள் கிளம்பிக்கொண்டிருந்த வேளையில் மரம் பட்டியலுக்கு வந்தது. இரண்டுக்கும் தொடர்பு ஏதும் இல்லை. ஆனால் அந்தத் தேதிகளைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது மனம் கனக்கத்தான் செய்கிறது.

இரண்டாவது முறை சூடானில். நெடுங்காலமாக அங்கிருந்து புதிய செய்தி எதுவும் வராததால், மரம் போய்விட்டது அல்லது போகும் தறுவாயில் இருக்கிறது என்ற பேச்சு பரவியிருந்தது. 1995ல் மார்ட்டின் கிப்பன்ஸ், டோபியாஸ் ஸ்பானர் என்ற இரண்டு பனை ஆர்வலர்கள் நூபியப் பாலைக்குள் வண்டியில் போய்த் தேடினார்கள். இருவரும் பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் அல்லர், பனை விதையும் கன்றும் விற்பவர்கள். மரங்கள் நின்றன, காய்த்துக்கொண்டும் இருந்தன. இன்றைக்கு உலகத்தின் பல தோட்டங்களில் இருக்கும் அர்குன் கன்றுகளுக்கு அந்தப் பயணம்தான் தொடக்கம்.

பிறகு எகிப்துப் பக்கம் ஹைதம் இப்ராஹிம் என்ற ஆய்வாளர் சோலை சோலையாகப் போய் மரங்களை எண்ணி, அளந்து, ஆண் எது, பெண் எது என்று குறித்துவைத்தார். லண்டனின் கியூ தாவரவியல் பூங்காவின் வில்லியம் பேக்கரோடு சேர்ந்து அவர் 2009ல் எழுதிய கட்டுரை, இந்த மரத்தின் முழு வரலாற்றையும் ஒரே இடத்தில் தருவது.

பழத்தைத் தின்னலாமா?

தின்னலாம், ஆனால் யாரும் இரண்டாவது பழம் கேட்க மாட்டார்கள். தோலுக்கும் கொட்டைக்கும் நடுவே இருக்கும் சதை மெல்லியது, உலர்ந்தது. டூம் பழமாவது கடித்தால் கருப்பட்டி வாசம் வரும். அஸ்வான் சந்தையில் கூறு கட்டி விற்கிறார்கள், ஊறவைத்துக் குடிக்கிறார்கள். அர்குனுக்கு அந்தச் சந்தையில் இடமில்லை. பழத்தைச் சில காலம் மண்ணில் புதைத்து வைத்தால் உள்ளிருக்கும் பருப்பு இனித்துத் தேங்காய்ச் சுவை வரும் என்று நூபியர்கள் சொல்வதாகப் பழைய குறிப்புகள் உண்டு. முளைவிட்ட பனங்கொட்டையை வெட்டித் தின்ற நமக்கு அதை நம்புவது கடினமில்லை.

அப்படியானால் இந்த மரத்தால் யாருக்கு என்ன பயன்?

ஓலைதான். பாய் முடைய, கூடை பின்ன, கயிறு திரிக்க அர்குன் ஓலை நல்ல உறுதி. வாதியைக் கடந்து போகும் ஒட்டகக்காரர்கள் வெட்டிக்கொண்டு போவார்கள். வெட்டுவது என்றால், முற்றிய அடி ஓலையை விட்டுவிட்டு, முடைவதற்குத் தோதான இளங்குருத்தைத்தான் வெட்டுவார்கள். நம்மூரிலும் குருத்தோலைக்குத்தான் மதிப்பு. ஆனால் நம்மூரில் ஏறுபவர் அடுத்த ஆண்டும் அதே மரத்தில் ஏற வேண்டும் என்ற கணக்கோடு வெட்டுவார். வழிப்போக்கருக்கு அந்தக் கணக்கு இல்லை. எட்டும் உயரத்தில் இருக்கும் வடலிதான் முதலில் மொட்டையாகும்.

பேரீச்சைக்கும் டூமுக்கும் காவலாக அவற்றின் பழம் இருக்கிறது. பழத்துக்காக மனிதன் நட்டான், தண்ணீர் விட்டான், வேலி போட்டான். அர்குனை நடவும் ஆள் இல்லை, காக்கவும் ஆள் இல்லை. வெட்ட மட்டும் ஆள் உண்டு.

ஏன் இவ்வளவு அரிதாகிவிட்டது?

மனிதனை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. சுமார் ஐயாயிரம் ஆண்டுகளுக்கு முன்பு வரை சஹாரா இப்போதிருக்கும் சஹாரா அல்ல. மழை பெய்தது, ஏரிகள் இருந்தன, மாடு மேய்த்தார்கள். மழைப் பட்டை தெற்கே நகர நகர மரங்கள் பள்ளங்களுக்குள் ஒதுங்கின. இன்று நாம் பார்ப்பது வெள்ளம் வடிந்த குளத்தில் குட்டைகளில் சிக்கிய மீன்போல, அங்கங்கே மிஞ்சிய கூட்டங்கள். இனெனியின் காலத்திலேயே இது அரிய மரமாக இருந்திருக்கலாம் என்று நான் நினைப்பது அதனால்தான்.

அதன்மேல் இப்போதைய தொல்லைகள் ஏறி உட்கார்ந்திருக்கின்றன. ஓலை வெட்டு, தங்குபவர்கள் மூட்டும் தீ, நீண்ட வறட்சி. எல்லாவற்றையும்விட நான் அஞ்சுவது நிலத்தடி நீர் இறங்குவதை. ஓலை வெட்டினால் மரம் மறுபடி குருத்து விடும். தீயில் காய்ந்த ஓலைப் பாவாடை எரிந்தாலும் உச்சியில் குருத்து பிழைத்தால் மரம் பிழைக்கும். நீர் வேருக்கு எட்டாத ஆழத்துக்குப் போய்விட்டால் ஒன்றும் செய்ய முடியாது.

சூடானில் கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளாக வடக்குப் பாலைவனத்தில் தங்கம் தேடிப் போகும் கூட்டம் பெருகியிருக்கிறது. முன்பு ஒட்டகம் மட்டும் போன வாதிகளில் இப்போது லாரிகள் போகின்றன. 2023 ஏப்ரலில் தொடங்கிய உள்நாட்டுப் போர் அந்த நாட்டைக் குலைத்துப் போட்டிருக்கிறது. மனிதர்களைக் காக்கவே ஆளில்லாத இடத்தில் பனையை எண்ண யார் போவார்கள்?

ஹோட்டல் வாசலில் நிற்கும் வெள்ளிநிற விசிறிப் பனை இதுதானா?

இல்லை. அது பிஸ்மார்க் பனை, மடகாஸ்கர் தீவைச் சேர்ந்தது. சென்னையில் புதுக் குடியிருப்பு வளாகங்களிலும் சொகுசு விடுதிகளிலும் நீலம் கலந்த வெள்ளி ஓலையோடு நிற்பது அதுதான். இந்தக் குழப்பத்துக்கு நியாயம் உண்டு. ஒரு காலத்தில் தாவரவியலாளர்களே அதை மெதேமியாவில் சேர்த்து மெதேமியா நோபிலிஸ் என்று அழைத்தார்கள், பிறகு பிரித்தார்கள். மடகாஸ்கர்க்காரர் ஊரெல்லாம் பரவிவிட்டார், நூபியாக்காரர் வாதியிலேயே நிற்கிறார்.

டூம் பனையிலிருந்து எப்படி வேறுபடுத்துவது?

டூம் இரண்டாகக் கிளை பிரியும். ஒவ்வொரு கிளையும் மறுபடி இரண்டாகும். அர்குன் ஒற்றைத் தண்டு. டூம் பழம் பெரியது, பழுப்பு, கோணல்மாணல். அர்குன் சிறியது, கருப்பு, வழவழப்பு. டூமின் இந்திய உறவு ஒன்றைக் குஜராத் கடற்கரையிலும் தியூவிலும் பார்க்கலாம். கிளை பிரிந்த பனையைப் பார்த்து நம்மவர்கள் படம் எடுத்துக்கொண்டிருப்பார்கள்.

விதை வாங்கித் தமிழ்நாட்டில் வளர்க்கலாமா?

வெயில் பிரச்சினையே இல்லை. பிரச்சினை நம் மழை. வடகிழக்குப் பருவமழையில் வாரக்கணக்கில் வேர் ஈரத்தில் ஊறினால் இந்த மரம் தாங்குவது கடினம். சூடு வேண்டும், வடிகால் வேண்டும். தூத்துக்குடித் தேரிக்காட்டுச் செம்மணல் போன்ற இடம் ஒத்துவரலாம் என்பது என் ஊகம்.

விதை சூட்டில் எளிதாக முளைக்கும். முளைத்த பிறகுதான் சோதனை. முன்பு சொன்ன அந்தத் தண்டு ஆழம் தேடி இறங்கும். குட்டையான தொட்டியில் அடியில் முட்டிச் சுருளும். மாற்றி நடும்போது அது முறிந்தால் கன்று போச்சு. நான் ஒருமுறை இணையக் கடை ஒன்றில் வாங்கிய ஐந்து விதைகளில் இரண்டு முளைத்தன. ஒன்றைத் தொட்டி மாற்றும்போது நானே முறித்தேன். மற்றொன்று ஓராண்டு கழித்துத் தன் சுயரூபத்தைக் காட்டியது: டூம். ஏமாற்றினார்களா, அவர்களே ஏமாந்தார்களா, கடவுளுக்குத்தான் வெளிச்சம். ஆகவே நான் இப்போது சொல்லும் யோசனை: வாங்கினால் ஒரு விதையைத் தியாகம் செய்து வெட்டிப் பாருங்கள். பாக்குக் கோலம் தெரியவில்லை என்றால் அது அர்குன் இல்லை. பிஸ்மார்க் விதை உருண்டையாக, பெரிதாக இருக்கும்.

இன்னொன்று. வெளிநாட்டிலிருந்து விதை தருவிக்க இந்தியச் சட்டப்படி இறக்குமதி அனுமதியும், அனுப்பும் நாட்டின் தாவர நலச் சான்றிதழும் வேண்டும். உறையில் போட்டு அனுப்பிவிடுகிறேன் என்று சொல்லும் விற்பனையாளரிடம் வாங்காதீர்கள்.

தோட்டங்களில் வளர்கிறதே, அப்படியென்றால் மரம் தப்பித்ததாகத்தானே அர்த்தம்?

இந்தக் கேள்வியில்தான் எனக்கும் என் தோட்டக்கார நண்பர்களுக்கும் சண்டை. விதை உலகெங்கும் போனது நல்லதுதான். வாதியில் ஏதாவது நேர்ந்தால் விதை வேறெங்கோ இருக்கும். ஆனால் தோட்டத்தில் நிற்பவற்றில் பெரும்பாலானவை ஒரே வட்டாரத்தில் பொறுக்கிய விதையின் பிள்ளைகள். பெரும்பாலும் ஒருவர் தோட்டத்தில் ஒரு மரம், இனெனியைப் போலவே. ஒற்றை மரத்திலிருந்து அடுத்த தலைமுறை வராது. ஆணும் பெண்ணுமாகப் பத்துப் பன்னிரண்டு மரங்களைச் சேர்ந்து நடும் பொறுமையும் இடமும் உள்ளவர்கள் குறைவு.

எகிப்து, சூடான் மண்ணிலேயே, அந்தந்தச் சோலையின் விதையை எடுத்து அங்கேயே நட்டு, கன்று ஆழம் தொடும் வரை இரண்டு மூன்று ஆண்டு தண்ணீர் ஊற்றுவதுதான் முறையான வேலை. அதற்குக் கோடிகள் தேவையில்லை. ஒரு தண்ணீர் லாரியும், பாலைவனம் தெரிந்த நாலு அபாப்தா ஆட்களுக்குச் சம்பளமும் போதும்.

நேரில் பார்க்க ஆசையாக இருக்கிறது. எங்கே போகலாம்?

துங்குலுக்குச் சுற்றுலா பஸ் கிடையாது. தென் எகிப்தின் பாலைவனத்துக்குள் போக ராணுவ அனுமதியும், தெரிந்த வழிகாட்டியும், இரண்டு வண்டிகளும் வேண்டும். சூடான் பக்கம் இப்போது நினைத்தே பார்க்க வேண்டாம்.

பழத்தைப் பார்க்கலாம். பழங்கால எகிப்தின் படையல் பொருள்களை வைத்திருக்கும் ஐரோப்பிய அருங்காட்சியகங்களில், மம்மிகளைத் தாண்டிப் பெரும்பாலும் யாரும் நிற்காத பக்கத்து அலமாரியில், ரொட்டி, பேரீச்சை, டூம் இவற்றோடு ஒரு கிண்ணத்தில் சின்னச் சின்னக் கருப்புப் பழங்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். எழுத்துச் சீட்டில் வெறுமனே ‘பனம்பழம்’ என்றுதான் போட்டிருப்பார்கள். முட்டை வடிவம், கட்டைவிரல் அளவு, தோல் சுருங்கியிருந்தாலும் மினுக்கம் தெரிந்தால், அது பெரும்பாலும் அர்குன்தான்.